எர்லி டிசிஷன்: தங்கச்சி அமெரிக்காவுக்கு அப்ளை பண்றா, கோ-அப்ளிகன்ட் நீங்களா? முதல்ல இதைப் படிங்க

வீட்டுல முதல் ஆளா வேலைக்குப் போய், மாசச் சம்பளம் வாங்கற பல பேருக்கு இப்ப ஒரு புதுப் பொறுப்பு வருது. தம்பியோ தங்கச்சியோ பிளஸ் டூ படிக்கிறாங்க, நல்லா படிக்கிறாங்க, அமெரிக்காவுல டிகிரி படிக்க ஆசைப்படறாங்க. அக்டோபர் மாசம் ஒரு நாள் "அண்ணா, எர்லி டிசிஷன்ல போட்டா சீட் கிடைக்க சான்ஸ் அதிகமாம், போடட்டுமா?"ன்னு கேள்வி வரும். கூடவே அப்பா, "லோனுக்கு உன் சம்பளத்தைக் காட்டலாம்ல?"ன்னு கேப்பாரு.

இந்த ரெண்டும் தனித்தனி கேள்வி மாதிரி தெரியும். ஆனா அடிப்படையில ஒரே கேள்விதான். அதனால எர்லி டிசிஷன்னா என்ன, அதுல பணம் எங்க மாட்டுது, கையெழுத்துக்கு முன்னாடி எந்த நம்பரை நீங்க கேட்டு வாங்கணும்னு இந்தக் கட்டுரையில வரிசையா பார்க்கலாம். வீடியோவுல சொல்ல நேரம் போதாத கணக்கெல்லாம் இங்க இருக்கு.

ஈ.டி.ன்னா என்ன?

எர்லி டிசிஷனைச் சுருக்கி ஈ.டி.ன்னு சொல்வாங்க. பயப்படாதீங்க, இது அமலாக்கத்துறை இல்ல!

அமெரிக்காவுல பல தனியார் பல்கலைக்கழகங்கள் ஒரு ஏற்பாடு வெச்சிருக்காங்க. மாணவர் ஒரே ஒரு காலேஜைத் தேர்ந்தெடுத்து, "நீங்க சீட் கொடுத்தா நான் கண்டிப்பா சேருவேன், மத்த எல்லா இடத்துலயும் என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடுவேன்"னு எழுதிக் கொடுக்கணும். பதிலுக்கு காலேஜ் சீக்கிரமாவே முடிவைச் சொல்லிடும். கார்னெல், பிரவுன், கொலம்பியா, டார்ட்மவுத், பென்சில்வேனியா, டியூக், நார்த்வெஸ்டர்ன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ரைஸ் இவங்க எல்லாம் ஈ.டி. வெச்சிருக்கற இடங்கள்.

ஒப்பந்தத்துல மூணு கையெழுத்து: மாணவர், பெற்றோர், பள்ளியின் கவுன்சலர். நம்ம ஊர்ல பல பள்ளிகளில் கவுன்சலர்னு தனி ஆள் கிடையாது. பிரின்சிபலோ பொறுப்புல இருக்கற ஆசிரியரோ போடுவாங்க. கவனிச்சீங்களா? லோன் கட்டப் போற அண்ணன் கையெழுத்து எங்கயும் இல்ல.

காலண்டர் இப்படி இருக்கும்:

- ஈ.டி. கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1. சில இடங்களில் நவம்பர் 15. முடிவு டிசம்பர் நடுவுல.
- சில காலேஜ்களில் ஈ.டி. இரண்டாம் சுற்று உண்டு. கடைசித் தேதி ஜனவரி தொடக்கம், முடிவு பிப்ரவரி. இதுவும் அதே மாதிரி கட்டுப்படுத்தற ஒப்பந்தம்தான்.
- ரெகுலர் சுற்று: ஜனவரி தொடக்கத்துல விண்ணப்பம், மார்ச் கடைசியில முடிவு, எங்க சேரப் போறீங்கன்னு மே 1-க்குள்ள பதில்.

ரெகுலர்ல நாலு காலேஜ் சீட் கொடுத்தா, நாலு பேரோட ஃபீஸ் லெட்டரையும் ஸ்காலர்ஷிப் லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட ஒரு மாசம் டைம் இருக்கு. ஈ.டி.ல அந்த ஒரு மாசம் கிடையாது. ஒப்பிட வேற லெட்டரும் கிடையாது.

நம்ம டி.என்.இ.ஏ. கவுன்சலிங்கை நினைச்சுப் பாருங்க. சாய்ஸ் ஃபில்லிங், அப்புறம் டென்டேட்டிவ் அலாட்மென்ட், அதுக்கப்புறம்தான் கன்ஃபர்ம். ஃபீஸ் எவ்வளவுன்னு தோராயமா முன்னாடியே தெரியும். ஈ.டி.ல கன்ஃபர்ம் பட்டனை முதல்லயே அழுத்திடறோம். செய்கூலி, சேதாரம் கேக்காம நகைக்கு பில் போடச் சொல்ற மாதிரி.

காலேஜுக்கு இதுல என்ன லாபம்?

சீட் கொடுத்த எல்லாரும் வந்து சேர மாட்டாங்க. ஆயிரம் பேருக்கு ஆஃபர் கொடுத்தா எத்தனை பேர் வருவாங்கங்கறது ஒவ்வொரு வருஷமும் காலேஜுக்குத் தலைவலி. ஈ.டி.ல வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே சேர்ந்துடுவாங்க. பல காலேஜ்கள் முதல் வருஷ வகுப்பில் பாதி அளவு சீட்டை ஈ.டி. மூலமாவே நிரப்பிடறாங்க.

அதனால ஈ.டி.ல அனுமதி விகிதம் அதிகமா தெரியும். உதாரணத்துக்கு, 2025-ல சேர்ந்த பேட்சுக்கு பிரவுன் பல்கலைக்கழகத்துல ஈ.டி.க்கு விண்ணப்பிச்ச 5,048 பேர்ல 906 பேருக்கு சீட் கிடைச்சது. சுமார் 18%. மொத்த விண்ணப்பதாரர்களை எடுத்துக்கிட்டா அதே பேட்சுக்கு 6%-க்கும் கீழ.

"மூணு மடங்கு சான்ஸ்!"னு கன்சல்டன்சி விளம்பரங்கள் சொல்றது இந்த மாதிரி நம்பரை வெச்சுத்தான். ஆனா அந்த 18%-க்குள்ள யார் யார் இருக்காங்கன்னு பார்க்கணும். விளையாட்டு அணிக்காக ஏற்கனவே பேசி வெச்சிருக்கற வீரர்கள் ஈ.டி. வழியாத்தான் வருவாங்க. பல காலேஜ்களில் முன்னாள் மாணவர்களோட பிள்ளைகளும் இந்தச் சுற்றுலதான் அதிகம். இவங்களைக் கழிச்சுட்டா, சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ இருந்து போடற ஒரு மாணவிக்கு மிச்சம் இருக்கற கூடுதல் வாய்ப்பு அந்த நம்பர் காட்டற அளவுக்கு இருக்காது.

அதுக்காக சலுகையே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2003-ல ஏவரி, ஃபேர்பேங்க்ஸ், ஸெக்ஹாஸர் மூணு பேரும் சேர்ந்து "தி எர்லி அட்மிஷன்ஸ் கேம்"னு ஒரு ஆய்வு நூல் வெளியிட்டாங்க. சீக்கிரம் விண்ணப்பிக்கறது எஸ்.ஏ.டி. தேர்வுல சுமார் 100 மார்க் கூடுதலா எடுத்ததுக்குச் சமமான பலன் தருதுன்னு அதுல கண்டுபிடிச்சாங்க. ஆக, பலன் நிஜம். அந்தப் பலனுக்கு ஒரு விலை இருக்கு, அந்த விலை "ஒப்பிடற உரிமை". வசதியான குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு இல்ல. லோன் வாங்கிப் படிக்கற குடும்பத்துக்கு அதுதான் கையில இருக்கற ஒரே துருப்புச்சீட்டு.

இந்த விவாதம் அமெரிக்காவுலயே பல வருஷமா ஓடுது. 2006-ல ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் சீக்கிரச் சுற்று வசதி குறைஞ்ச மாணவர்களுக்குப் பாதகம்னு சொல்லி அதை நிறுத்தினாங்க. மத்த காலேஜ்கள் பெரும்பாலும் பின்தொடரலை. 2011-ல ரெண்டு பேரும் கட்டுப்படுத்தாத வடிவத்துல திரும்பக் கொண்டு வந்தாங்க. 2025 ஆகஸ்ட்ல, ஈ.டி. போட்டியைக் குறைச்சு விலையை ஏத்துதுன்னு முப்பதுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் மேல ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்துல வழக்கு போட்டிருக்காங்க.

"நிதியுதவி வேணுமா?" - இந்த ஒரு டிக்தான் எல்லாம்

விண்ணப்பத்துல ஒரு சின்னக் கேள்வி வரும்: நிதியுதவிக்கு விண்ணப்பிக்கப் போறீங்களா? ஆமா அல்லது இல்ல. ஈ.டி. ஒப்பந்தத்தைவிட இந்த டிக் முக்கியம். ஏன்னு சொல்றேன்.

வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்துல காலேஜ்கள் ரெண்டு வகை. முதல் வகை, "பணம் கேக்கறாங்களா இல்லையான்னு பார்க்காமலே சீட் முடிவு பண்ணுவோம், அப்புறம் தேவைப்படற உதவியை முழுசா கொடுப்போம்"னு சொல்றவங்க. நீட்-பிளைண்ட்னு பேரு. (மருத்துவத்துக்கு எழுதற நீட் இல்ல, "தேவை"ங்கற பொருள்ல வர்ற நீட்.) இந்தப் பட்டியல் ரொம்பச் சின்னது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. இதுல இருக்காங்க, ஆனா இவங்க யாரும் ஈ.டி. நடத்தறதில்ல. ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், போடொயின், பிரவுன் இந்தப் பட்டியல்லயும் இருக்காங்க, ஈ.டி.யும் வெச்சிருக்காங்க. டார்ட்மவுத்தும் போடொயினும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இதை 2022-ல அறிவிச்சாங்க. பிரவுன் 2025-ல சேர்ந்த பேட்ச்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு.

ரெண்டாவது வகை நீட்-அவேர். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டா, சீட் கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும்போது அதையும் கணக்குல எடுத்துக்குவாங்க. கார்னெல், பென்சில்வேனியா, கொலம்பியா உட்பட பெரும்பாலான காலேஜ்கள் நம்ம பிள்ளைகளுக்கு இந்த வகைதான்.

இங்கதான் ஆபத்தான யோசனை பிறக்குது. "உதவி வேணும்னு டிக் பண்ணினா சான்ஸ் குறையும். 'வேண்டாம்'னு போட்டு ஈ.டி.ல போடலாம். சீட் கிடைச்சதும் லோன் பார்த்துக்கலாம், அண்ணன் இருக்கான்ல." கன்சல்டன்சி சொல்லும், கூடப் படிக்கறவங்க சொல்வாங்க, சில சமயம் அப்பாவே சொல்வாரு.

இதுல ரெண்டு கதவு ஒரே நேரத்துல சாத்தப்படுது.

முதல் கதவு: ஈ.டி. ஒப்பந்தத்துல வெளியேற ஒரு நியாயமான வழி இருக்கு. உதவிக்கு விண்ணப்பிச்ச மாணவருக்கு, படிக்க முடியற அளவுக்கு உதவி கிடைக்கலைன்னா, சீட்டை மறுத்துட்டு ஒப்பந்தத்துல இருந்து விடுபடலாம். ஆனா இந்த வழி உதவிக்கு விண்ணப்பிச்சவங்களுக்குத்தான். "வேண்டாம்"னு டிக் பண்ணிட்டு டிசம்பர்ல "எங்களால கட்ட முடியாது"ன்னு சொன்னா, உங்க பக்கம் நியாயம் பேச எந்தக் காகிதமும் இல்ல.

ரெண்டாவது கதவு: சேரும்போது உதவி கேக்காத வெளிநாட்டு மாணவர்கள் அடுத்த வருஷங்களில் கேக்க முடியாதுன்னு பல காலேஜ்கள் விதி வெச்சிருக்காங்க. நாலு வருஷத்துக்கும் முழு ஃபீஸ்.

"கையெழுத்து போட்டுட்டு போகலைன்னா கேஸ் போடுவாங்களா?"ன்னு கேக்கறீங்களா? இது ஃபீஸ் வசூலுக்குக் கோர்ட்டுக்குப் போற ரக ஒப்பந்தமா நடைமுறையில இல்ல, நாணயத்தை நம்பி நடக்கற ஏற்பாடு. ஆனா கையெழுத்து போட்ட பள்ளியோட பேர் கெடும். அடுத்த வருஷம் அதே பள்ளியில இருந்து போடற ஜூனியர்களைப் பாதிக்கலாம். மத்த காலேஜ்களும் அந்த விண்ணப்பத்தைத் தொடத் தயங்கலாம். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு போடற கையெழுத்துக்கு வேற யாரோ விலை கொடுப்பாங்க.

வாங்க, கணக்கு போடுவோம்

இந்த ரக காலேஜ்களில் ட்யூஷன், தங்கற இடம், சாப்பாடு, இன்ஷூரன்ஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 90,000 டாலர் ஆகும். சில இடங்களில் அதையும் தாண்டும். கணக்கு எளிமைக்கு ஒரு டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

ஒரு வருஷம்: 90,000 × 90 = ₹81 லட்சம்.
நாலு வருஷம்: ₹3.24 கோடி.

ஆனா நாலு வருஷமும் அதே ஃபீஸ், அதே டாலர் ரேட் இருக்குமா? ஃபீஸ் வருஷத்துக்கு 4% ஏறுது, ரூபாய் வருஷத்துக்கு 3% சரியுதுன்னு ஒரு அனுமானம் வெச்சா:

- முதல் வருஷம்: ₹81.0 லட்சம்
- ரெண்டாம் வருஷம்: ₹86.8 லட்சம்
- மூணாம் வருஷம்: ₹92.9 லட்சம்
- நாலாம் வருஷம்: ₹99.6 லட்சம்
- மொத்தம்: சுமார் ₹3.60 கோடி

முதல் நாள் பேசின தொகையைவிட 36 லட்சம் அதிகம். இதுக்கு யாரும் தனியா கையெழுத்து கேக்க மாட்டாங்க, தானா வரும்.

இப்ப நம்ம பக்கம் பார்ப்போம். அப்பா அம்மா சேமிப்புல இதுக்குன்னு 40 லட்சம் எடுக்கலாம், வீட்டுப் பத்திரத்தை வெச்சு 50 லட்சம் லோன் கிடைக்கும்னு வெச்சுக்குவோம். மொத்தம் 90 லட்சம். நாலால வகுத்தா வருஷத்துக்கு 22.5 லட்சம். டாலர்ல 25,000. ஃபீஸ் ஏத்தத்துக்கும் ரூபாய் சரிவுக்கும் கொஞ்சம் ஒதுக்கினா, குடும்பத்தோட உச்சவரம்பு வருஷத்துக்கு 22,000 - 23,000 டாலர். அதாவது, 90,000 டாலர் காலேஜ்ல கிட்டத்தட்ட 67,000 டாலர் உதவி வந்தாத்தான் இந்தக் குடும்பத்துக்கு அந்த சீட் நிஜமான சீட்.

அந்த 50 லட்சம் லோன் என்ன ஆகும்? வருஷா வருஷம் 12.5 லட்சமா நாலு தவணையில வாங்கறோம், வட்டி 10%, படிப்பு முடிஞ்சு 6 மாசம் கழிச்சு இ.எம்.ஐ. ஆரம்பம்னு வைங்க. அதுவரைக்கும் தனிவட்டியே சுமார் 15 லட்சம் சேர்ந்துடும். இ.எம்.ஐ. ஆரம்பிக்கற அன்னிக்கு பாக்கி 65 லட்சம்.

- 10 வருஷத்துல கட்டினா: மாசம் சுமார் ₹85,900
- 15 வருஷத்துல கட்டினா: மாசம் சுமார் ₹69,850, மொத்தமா சுமார் ₹1.26 கோடி

உங்களுக்கு இப்ப 27 வயசுன்னா, அந்த இ.எம்.ஐ. ஆரம்பிக்கும்போது வயசு 32-ஐத் தொட்டிருக்கும். முடியும்போது 47. நடுவுல உங்க கல்யாணம், குழந்தை, வீடு எல்லாம் வரணும்.

"அவளே சம்பாதிச்சுக் கட்டிடுவா"ன்னு சொல்வாங்க. கட்டலாம், நிறைய பேர் கட்டறாங்க. ஆனா அமெரிக்காவுல படிப்பு முடிஞ்சு ஓ.பி.டி.ல 12 மாசம் வேலை பார்க்கலாம்; அறிவியல், பொறியியல் பாடங்களுக்கு இன்னும் 24 மாசம் கூடும். அதுக்கப்புறம் எச்1பி குலுக்கல். 2025 செப்டம்பர்ல சில புது எச்1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம்னு ஒரே உத்தரவுல விதி மாறினதைப் பார்த்தோம். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மா சொல்லலை. டாலர் சம்பளம் வந்தாத்தான் கட்ட முடியும்னு இருக்கற லோனை, டாலர் சம்பளம் நிச்சயம்னு நினைச்சு வாங்கக் கூடாது.

கோ-அப்ளிகன்ட் ஆனா உங்களுக்கு என்ன ஆகும்?

"சும்மா ஒரு கையெழுத்துதானே"ன்னு சொல்ற இடத்துல நாலு விஷயம் ஒளிஞ்சிருக்கு.

1. சிபில். கோ-அப்ளிகன்ட்னா உங்க ரிப்போர்ட்லயும் முழு லோனும் தெரியும். தவணை தவறினா உங்க ஸ்கோரும் விழும். கேரன்டி கையெழுத்து போட்டாலும் பொறுப்பு பொறுப்புதான்.

2. உங்க ஹோம் லோன். ஏற்கனவே இருக்கற கடன் பொறுப்பைக் கழிச்சுட்டுத்தான் உங்களுக்கு எவ்வளவு லோன் தரலாம்னு பேங்க் பார்க்கும். கைக்கு 75,000 வர்றவருக்கு 70,000 இ.எம்.ஐ. கணக்குல ஏறினா, வீட்டுக் கடன்ங்கற பேச்சே எடுக்க முடியாது.

3. 80E வரிச் சலுகை. இதை நிறைய பேர் தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க. கல்விக் கடன் வட்டிக்கு 80E பிரிவுல கிடைக்கற கழிவு, உங்களுக்காக, உங்க கணவர் அல்லது மனைவிக்காக, பிள்ளைகளுக்காக, இல்லைன்னா நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கற மாணவருக்காக வாங்கின லோனுக்குத்தான். தம்பி, தங்கச்சி அந்தப் பட்டியல்ல இல்ல. அதுவும் பழைய வரிமுறையில மட்டும்தான். நீங்க புது வரிமுறையில இருந்தா பேச்சே இல்ல. ஆக, தங்கச்சி லோனுக்கு நீங்க கட்டற வட்டிக்கு உங்களுக்கு வரி லாபம் பூஜ்யம்.

4. டி.சி.எஸ். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பிடிக்கற வரி. 2025 ஏப்ரல் 1 முதல், வங்கி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துல வாங்கின கல்விக் கடன்ல இருந்து அனுப்பற பணத்துக்கு இது கிடையாது. சொந்தக் காசுன்னா ஒரு நிதியாண்டுல ஒருத்தர் 10 லட்சம் தாண்டி அனுப்பினாத்தான் பிடிப்பாங்க. பிடிச்சாலும் வருமான வரி ரிட்டர்ன்ல சரிக்கட்டிக்கலாம். அதனால யார் பான் நம்பர்ல பணம் போகுதுன்னு முன்னாடியே திட்டமிடுங்க.

இன்னொரு விஷயம். நிதியுதவிப் படிவங்களில் சொந்தக்காரங்க, நண்பர்கள் எவ்வளவு கொடுப்பாங்கன்னும் கேள்வி வரும். உங்ககிட்ட கேக்காம "பிரதர்: 10,000 டாலர்"னு எழுதிட்டா, காலேஜ் கொடுக்கற உதவி அந்த அளவுக்குக் குறையலாம். விசாவுக்கு வேண்டிய ஐ-20 வாங்க பணம் இருக்குன்னு காட்டும்போதும் ஸ்பான்சரா உங்க பேர் வரலாம். எங்கெல்லாம் உங்க பேர் வருதுன்னு நீங்களே உக்காந்து படிச்சுப் பாருங்க.

அப்ப ஈ.டி. போடவே கூடாதா?

அப்படி இல்ல. மூணு நிலைமையில ஈ.டி. நல்ல முடிவு.

ஒண்ணு, முழு ஃபீஸையும் கடனே இல்லாம கட்டக்கூடிய குடும்பம். ஒப்பிடற உரிமையை இழக்கறது அவங்களுக்குப் பெருசா வலிக்காது.

ரெண்டு, காலேஜ் நீட்-பிளைண்ட், முழுத் தேவையையும் கொடுக்கறதா சொல்லுது, அதுதான் மாணவிக்கு முதல் விருப்பம், உதவி "வேணும்"னு நேர்மையா டிக் பண்றீங்க. இங்க வெளியேற வழியும் திறந்திருக்கு.

மூணு, காலேஜ் நீட்-அவேரா இருந்தாலும், உதவி கேட்டே விண்ணப்பிக்கறீங்க. சான்ஸ் கொஞ்சம் குறையலாம். ஆனா கிடைச்சா, அது கட்டக்கூடிய சீட்டா இருக்க வாய்ப்பு இருக்கு, இல்லைன்னா விடுபடலாம்.

ஒரு எச்சரிக்கை: "முழுத் தேவை"ங்கறதை முடிவு பண்றது காலேஜ், நீங்க இல்ல. அப்பாவோட வருமானம் மட்டும் பார்க்க மாட்டாங்க. ஊர்ல இருக்கற மனை, வாடகை வர்ற வீடு, ஃபிக்ஸட் டெபாசிட் எல்லாம் சிஎஸ்எஸ் புரொஃபைல்ல கேப்பாங்க. அக்கா கல்யாணத்துக்குன்னு மனசுல ஒதுக்கி வெச்ச மனை, அவங்க கணக்குல வெறும் சொத்து. காலேஜ் வெப்சைட்ல இருக்கற நெட் பிரைஸ் கால்குலேட்டர் பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களுக்காகச் செஞ்சது. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனியா இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. பதில் சொல்வாங்க.

மத்தவங்களுக்கு வேற வழிகள் இருக்கு:

- எர்லி ஆக்‌ஷன். சீக்கிரம் போடலாம், சீக்கிரம் முடிவு வரும், சேர்ந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. எம்.ஐ.டி. இப்படித்தான்.
- கட்டுப்பாடுள்ள எர்லி ஆக்‌ஷன். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட். வேற தனியார் காலேஜ்ல சீக்கிரச் சுற்றுல போடறதுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆனா சீட் கிடைச்சாலும் மே 1 வரைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.
- ரெகுலர் + மெரிட் ஸ்காலர்ஷிப். ஐவி லீக் காலேஜ்கள் மார்க்குக்காக ஸ்காலர்ஷிப் தர்றதில்ல. அவங்களுக்கு அடுத்த நிலையில இருக்கற பல நல்ல காலேஜ்கள் தர்றாங்க. ஈ.டி.ல போய் சீட் வாங்கிட்டா, இந்த ஸ்காலர்ஷிப் விண்ணப்பங்களையும் வாபஸ் வாங்கணும். லோன் எடுக்கற குடும்பத்துக்கு இதுதான் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு.

நவம்பர் 1-க்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

எல்லாரும் வீட்டுல இருக்கற ஒரு நாள், அப்பா, அம்மா, தங்கச்சி, நீங்க நாலு பேரும் உக்காந்து ஒரு பேப்பர்ல இதை எழுதுங்க:

1. லோன் இல்லாம வருஷத்துக்கு எவ்வளவு போட முடியும்?
2. லோன் அதிகபட்சம் எவ்வளவு? யார் பேர்ல? எந்தச் சொத்து அடமானம்?
3. இ.எம்.ஐ. ஆரம்பிச்ச முதல் ரெண்டு வருஷம் அவளுக்கு வேலை கிடைக்கலைன்னா யார் கட்டுவாங்க? மாசம் எவ்வளவு வரைக்கும்?
4. இதெல்லாம் சேர்த்து டாலர்ல ஒரே ஒரு உச்சவரம்பு நம்பர். அதுக்கு மேல ஒரு டாலர் போனாலும் சீட்டை விட்டுடுவோம்னு எல்லாரும் ஒத்துக்கணும்.
5. நம்ம காலேஜ் நீட்-பிளைண்டா, நீட்-அவேரா? அவங்க வெப்சைட்ல வெளிநாட்டு மாணவர் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?
6. உதவி "வேணும்"னு டிக் பண்றோமா? இந்தக் கேள்விக்குப் பதில் 4-வது கேள்வியோட நம்பரைப் பார்த்துத்தான் வரணும், சான்ஸைப் பார்த்து இல்ல.
7. உதவி குறைவா வந்தா என்ன செய்வோம்? முதல்ல ஆதாரத்தோட மறுபரிசீலனை கேக்கறது, அப்பவும் போதலைன்னா விடுபட எழுதிக் கேக்கறது. அந்த மெயிலை யார் எழுதுவாங்க?

நாலாவது கேள்வியை எழுதறப்போ சங்கடமா இருக்கும். தங்கச்சி முகம் வாடும். "காசுக்காக அவ கனவைத் தடுக்கறியா?"ன்னு யாராவது கேக்கலாம். ஆனா அக்டோபர்ல சொல்ற அந்த நம்பர், அவளைச் சரியான காலேஜைத் தேட வைக்கும், சரியான பெட்டியில டிக் பண்ண வைக்கும். டிசம்பர்ல சீட் லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டு வீடே கொண்டாடிட்டு இருக்கும்போது அதே நம்பரைச் சொல்ற தைரியம் எந்த அண்ணனுக்கும் வராது. அப்ப நீங்க கையெழுத்து போட்டுடுவீங்க.

உங்க வீட்டுல யாராவது இந்த வருஷம் அப்ளை பண்றாங்கன்னா, இந்த ஏழு கேள்வியை ஃபேமிலி குரூப்புல இன்னிக்கே ஃபார்வேர்ட் பண்ணுங்க. அடுத்த வீடியோல கல்விக் கடன்ல அடமானம் உள்ளது, இல்லாதது ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.